அவுகளைத் தூக்கின தார்ப்பாய்

ஆனி 12, வியாழன்

காலையிலேருந்து புழுதிக்காத்து. காயப்போட்ட துணியெல்லாம் திரும்ப அலசினேன். புளியங்குடிப் பக்கம் மலை கறுத்துக் கிடக்கு, இங்கன ஒரு பொட்டுச் சாரல் இல்லை. பால் திரிஞ்சுபோச்சு.

கொழுந்தனுக்குத் தூத்துக்குடியில வேலை. ஞாயிறு கிளம்புதான். சந்தோசம்தான். ஆனா என் வீட்டுக்காரர், அவுகளை இனி யார் தூக்க? ஒர்க்ஷாப்ல ஜாக்கி நழுவி லாரி அவுக கால் மேல இறங்கினதுலேருந்து எல்லாம் அவுக தம்பிதான். கட்டில்லேருந்து நாற்காலி, நாற்காலியிலேருந்து குளிக்க. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில ரெண்டு காலையும் தொடையோட எடுத்தாச்சு. இருந்தாலும் என்ன கனம். நான் ஒருக்கா தூக்கப்போய் ரெண்டு பேரும் விழுந்தோம்.

தம்பி தூக்கும்போது அவன் கழுத்தைக் கட்டிக்கிடுவாக. நான் வேற பக்கம் பார்ப்பேன். பொறாமைனுதான் எழுதணும். ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்தப்புறம் அவுக என்னைத் தொடவே இல்லை.

ஆனி 13, வெள்ளி

வாங்க: மண்ணெண்ணெய், சாக்கு ஊசி, சணல் நூல், மல்லிப்பூ.

ஒர்க்ஷாப் முதலாளி அண்ணாச்சியப் போய்ப் பார்த்தேன். எஞ்சின் தூக்குத செயின் பிளாக் ஒண்ணு சும்மா கிடக்காம். "எடுத்துட்டுப் போம்மா, அவன் கை பட்ட சாமான்தான்" என்றார். முகத்தைத் திருப்பிக்கிட்டார்.

கொழுந்தன் அதை உத்திரத்துல மாட்டினான். நான் பழைய லாரித் தார்ப்பாயை வெட்டி, உள்ளே என் நூல்சேலையை மடிச்சு வச்சு, தொட்டில் மாதிரி தைச்சேன். நாலு மூலைக்கும் வார்.

அவுக: "நான் என்ன எஞ்சினாட்டி?"

ஊசியில அடுத்த நூலைக் கோத்தேன்.

குழாயடியில ஒருத்தி: "புருசன் அப்படிக் கெடக்கான், இவளுக்கு மல்லிப்பூ கேக்கு." காதுல விழத்தான் சொன்னா. தலைநிறைய வச்சுக்கிட்டேன்.

ஆனி 14, சனி

தோத்துப்போச்சு. கட்டிலை விட்டுக் கொஞ்சம் மேலே வந்ததும் முதுகுப் பக்கம் தாழ்ந்துட்டு, முன்வார் தொளதொளன்னு ஆயிட்டு. கொழுந்தன் பிடிக்கிறதுக்குள்ள நழுவி விழுந்துட்டாக. தொடையில தையல் போட்ட இடம் கட்டில் சட்டத்துல இடிச்சுட்டு. உதட்டைக் கடிச்சுக்கிட்டாக. நான்தான் அழுதேன்.

சோறு வேண்டாம்னுட்டாக. சாயங்காலம் தானாவே, "ஏட்டி, சாக்பீஸ் இருக்கா?"

தார்ப்பாயை விரிக்கச் சொல்லிக் கோடு போட்டாக. "காலு இருந்தா முன்னால கனம் இருக்கும். எனக்கு எல்லாக் கனமும் முதுகுலல்லா? முதுகைத் தலை வரைக்கும் ஏத்து. முன்னால ரெண்டாப் பிரி. ஒவ்வொரு தொடையையும் தனியாச் சுத்தி, நடுவுல வாரைக் குறுக்கப் போடு."

ஒர்க்ஷாப் குரல். எத்தனை மாசமாச்சு கேட்டு. புரியாத மாதிரி இன்னொருக்கா சொல்லச் சொன்னேன்.

ஆனி 15, ஞாயிறு

விடிஞ்சதிலேருந்து தையல். விரல் பூரா குத்து. கீழே மெத்தை போட்டுப் பார்த்தோம். நின்னுச்சு! நழுவலை. அவுக அந்தரத்துல இருந்துகிட்டே வாரை ஒவ்வொண்ணா இழுத்துப் பார்த்தாக, "இடது பக்கம் ஒரு விரக்கடை கூடுதல்" என்றாக.

மத்தியான பஸ்ஸுக்குக் கொழுந்தன் போயிட்டான். "மதினி, செயினுக்கு எண்ணெய் விட்டிருக்கேன்." அண்ணனும் தம்பியும் கையை விடவே இல்லை. கண்டக்டர் பஸ்ஸை நிறுத்திவைக்கவா போறார்னு நான்தான் பிரிச்சு அனுப்பினேன்.

ஆனி 16, திங்கள்

வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். குளிக்க வெந்நீர் வச்சேன்.

தொடைக்கடியில வாரை விட்டேன். அவுக உடம்பு ஒருதரம் விறைச்சுச்சு. அப்புறம், "வலிக்கலை, போடு."

செயினை இழுத்தேன். ஏறினாக. முகத்துக்கு நேர முகம் வந்ததும், "நில்லு" என்றாக. செயினை விட்டாலும் இறங்காது, தானா நிக்கும். நின்னுச்சு.

ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாக.

"முன்னெல்லாம் நான் நின்னா நீ எங்கனட்டி வருவ? என் நெஞ்சுக்குத்தான?"

"ஆமா."

"அப்ப இன்னும் கொஞ்சம் தூக்கு."

இழுத்தேன். என் நெத்தி அவுக நெஞ்சுக்கு வந்ததும் செயினை விட்டேன். ரெண்டு கையும் என் முதுகுக்கு வந்துச்சு.

வெந்நீர் ஆறிப்போச்சு.