மஞ்சுளாவுக்காக நின்ற பஸ்

செவ்வாய், இரவு.

யாரும் நம்பப் போவதில்லை. ஆனாலும் சத்தியமாக எழுதுகிறேன். இன்று நான் நடத்திய ஆன்லைன் வாய்மொழித் தேர்வுக்காக இரண்டு மாநிலங்கள் மூச்சை அடக்கின.

கல்லூரிப் பிள்ளைகள் என் எதிரில் இருந்தார்கள். தொலைநிலை மாணவி மஞ்சுளா, ஷிப்ட் முடிந்து, மாநில எல்லையோரம் ஓடும் கம்பெனி பஸ்ஸிலிருந்து திரையில் பேசினாள். நடுவில் இணைப்பு அறுந்தால் அவளுக்கு இந்த வருஷமே போச்சு.

"சார், பாகலூர் தாண்டுனா சிக்னல் இருக்காது. எறங்கிக்கிடட்டுமா?" என்றாள்.

"உக்காரும்மா, நீ பேசு. வண்டி எங்கியும் போவாது" என்று பஸ்ஸை ஓரங்கட்டினார் டிரைவர். நெடுஞ்சாலை லாரிகளெல்லாம் கைகட்டி நின்றன.

பின்சீட்டிலிருந்து ஒரு பெண், "சார், சீக்கிரம் கேளுங்க, வீட்ல ஒலை வெக்கணும்!"

மஞ்சுளா தேர்வில் பாஸ். பஸ் தட்டிய கைதட்டலில் கிருஷ்ணகிரி அணை ததும்பியது.

சரி, அணையும் லாரிகளும் என் கைச்சரக்கு. பஸ் நின்றது மட்டும் நிஜம்.