ஒரே உலையில் உண்பவர்கள்

2025 யூன் 3, செவ்வாய்

இன்றைக்கும் றுமைஸ் சிரித்தான். முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் எங்கள் வட்டக்கச்சிக்கு மீன் கொண்டுவருகிறவன். "அக்கா, அரைக்கிலோவுக்குக் குறைய வெட்டேலாது" என்று ஒரு வருடமாக அதே பாட்டு. ஒரு ஆளுக்கு அரைக்கிலோ! இரண்டு நாள் சாப்பிட்டு மூன்றாம் நாள் கொட்டினேன். அம்மா இருந்திருந்தால் கொட்ட விட்டிருக்க மாட்டா.

யூன் 11, புதன்

கிளிநொச்சியில் முழுநாள் பயிற்சி. முதியோர் கொடுப்பனவு யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று மறுபடி பார்க்க, கந்தோர் வெளிக்கள உத்தியோகத்தர்களான எங்களை வீடு வீடாக அனுப்பப் போகிறார்கள். கொழும்பிலிருந்து வந்த மேடம் பலகையில் ஒரு கோடு கீறினா. சிறுவயதில் உழைப்பதைவிட உண்பது கூட. முதுமையிலும் அப்படித்தான். நடுவயதில்தான் மிச்சம் வரும். அந்த மிச்சத்தை நடுவயதுக்காரர் இரண்டு பக்கமும் கொடுப்பதால்தான் வீடும் நாடும் ஓடுகிறதாம். எந்த வயதில் எத்தனை பேர் என்று சொன்னால் அந்த நாட்டின் வரவையும் செலவையும் பாதி சொல்லிவிடலாமாம்.

பிறகு அவரவர் பிரிவின் சனத்தொகையை வயதுவாரியாகப் படம் கீறச் சொன்னா. என்னுடையதில் மேலே கிழடுகள் நிறைய, கீழே பிள்ளைகள் கொஞ்சம், நடு எலி அரித்த பாண் மாதிரி. கொஞ்சத்தை யுத்தம் கொண்டுபோனது, மிச்சத்தை விமானம் கொண்டுபோனது. 40–44 பெண் என்ற கட்டத்தில் எனக்கும் ஒரு கோடு போட்டேன். சரி, தயாளினி, உன் மிச்சம் எந்தப் பக்கம் போகிறது? பிள்ளை இல்லை. அம்மா போய் ஒரு வருடம். தம்பி பிரசாந்தன் கனடாவில். அவனை அனுப்ப வாங்கின கடனை ஆறு வருடம் கட்டினேன். இப்போது அவனுக்கு என் காசு தேவையில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் பக்கத்துக் கதிரைக்காரி கேட்டா, "தம்பி கதைக்கிறவரோ?"

"ஒவ்வொரு ஞாயிறும் எடுப்பான்" என்றேன்.

கடைசியாக எடுத்தது தைப்பொங்கலுக்கு.

யூன் 19, வியாழன்

எங்கள் ஒழுங்கையிலேயே தொடங்கினேன். வாய்க்கால் பக்கத்துக் கடைசி வீடு, தங்கராசா ஐயா. எழுபத்து நாலு வயது. முந்தி உழவு மெசின் திருத்தினவர். மனைவி விமலேஸ்வரி அக்கா செத்து மூன்று வருடம். இரண்டு ஏக்கர் வயலை விற்று ஒரே மகன் கிருசாந்தனை பிரான்சுக்கு அனுப்பினவர்.

"மகன் காசு அனுப்புறவரோ ஐயா?"

"மாசம் மாசம். எழுதும் பிள்ளை, வடிவா எழுதும்."

"போன கிழமை மீன் சமைச்சனீங்களோ?"

"மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது."

ஒரே உலையில் சமைத்து உண்பவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி. அதற்குத்தான் கொஞ்சம் நேரம் எடுத்தார். "ஒண்டு" என்றார். சொன்னதை அப்படியே எழுதினேன்.

யூன் 20, வெள்ளி

மீன் சமைக்கிற வீட்டுக் குசினி வாசலில் ஒரு பூனையாவது நிற்கும். ஐயா வீட்டில் நிற்கவில்லை. அடுப்பும் குளிர்ந்துபோய்க் கிடந்தது. நான் பார்த்தேன்தான். பார்த்ததை எழுதப் படிவத்தில் இடமில்லை.

யூலை 6, ஞாயிறு

ஒருவரும் எடுக்கவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்தேன். இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பட்டியல் வந்துவிட்டது. தங்கராசா ஐயாவின் கொடுப்பனவு நிறுத்தம். காரணம்: வெளிநாட்டிலிருந்து மகன் பணம் அனுப்புகிறார். என் கையெழுத்து, என் பேனை.

பின்னேரம் றுமைஸிடம் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன். "அந்த ஐயாவோ? என்னட்ட ஒரு நாளும் மீன் வாங்கினதில்லை அக்கா. மறிச்சு விலை கேட்பார், கொஞ்ச நேரம் கதைப்பார், போவார். பாவம், கதைக்கத்தான் மறிக்கிறவர்."

அந்த மனிசன் இவ்வளவு நாளும் என்னத்தைத் திண்டது? எனக்குத் தெரிஞ்சிருக்கத்தானே வேணும். அடுப்பைக் கண்டனான். கண்டுபோட்டுப் பேசாமல் வந்தனான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மேன்முறையீட்டுப் படிவத்தோடு போனேன். ஒரு வசனத்துக்குக் கீழே ஒப்பம் வைத்தால் போதும்: 'பிள்ளைகளிடமிருந்து எனக்கு எந்த உதவியும் கிடைப்பதில்லை.'

வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ர பிள்ளை என்னைக் கைவிட்டிட்டான் எண்டு கந்தோருக்கு எழுதித் தரச் சொல்லுறீரோ?"

"அப்பிடியில்லை ஐயா..."

"வேற எப்பிடி? அவனுக்கு அங்க என்ன கஸ்ரமோ. நீர் போம் பிள்ளை."

படலையை அவரே சாத்தினார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான ஜனார்த்தனன் சேரிடம் சொன்னேன். படிவம் கொடுக்க அடுத்த கிழமை வெள்ளி வரைதான் தவணையாம். "ஒப்பம் இல்லாமல் நான் ஒண்டும் செய்யேலாது தயாளினி" என்றார். அவர் சொல்வதும் சரி. எல்லாரும் சரியாகத்தான் இருக்கிறோம், ஐயாவின் சட்டி மட்டும் காலி.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று நானே தம்பிக்கு எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. கொஞ்சத்தால் ஒரு செய்தி வந்தது: 'வேலை அக்கா. பிறகு எடுக்கிறன்.' அவனுக்கு அப்போது விடிய நாலு மணி.

நேரத்தைக்கூடப் பார்க்காமல் எடுத்தது நான். ஆனாலும் அழுதேன். பிறகு முகம் கழுவி, அரைக்கிலோ மீனையும் குழம்பு வைத்து, பாதியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு ஐயா வீட்டுக்குப் போனேன். படிவம் பையில் இருந்தது, எடுக்கவில்லை.

அவர் கிண்ணத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "கண் சிவந்திருக்கு."

"என்ர தம்பி ஏழு மாசமா எடுக்கேல்லை ஐயா. கந்தோரில எல்லாருக்கும் ஞாயிறு ஞாயிறு எடுக்கிறவன் எண்டு சொல்லுறனான். பொய்."

இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. ஐயா சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துவந்து, பழஞ்சோறு போட்டு, குழம்பை விட்டுக் குனிந்து சாப்பிட்டார். இவ்வளவு வேகமாகச் சாப்பிட்ட ஒருவரை நான் அண்மையில் பார்த்ததில்லை. கை கழுவிவிட்டு வந்து கேட்டார்:

"உம்மட்ட அந்தக் கடுதாசி இருக்கோ?"

ஒப்பம் வைத்தார். வைத்துவிட்டு, "மூண்டு வரியமாச்சு பிள்ளை. தாயின்ர எட்டுச் சடங்குச் செலவுக்கு அனுப்பினதோட சரி" என்றார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

படிவம் கொடுத்தாயிற்று.

செப்டெம்பர் 6, சனி

கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது ஐயா அதை வெறுமையாகத் தருவதில்லை. இன்றைக்கு மூன்று முட்டை. நேற்று முருங்கைக்காய். போன கிழமை ஒன்றும் இல்லாததால் என் தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் பூட்டித் தந்தார். இரண்டு ஆணி மிச்சம், பம்ப் ஓடுகிறது. "குழம்புக்கு உப்புக் காணாது" என்றும் ஒரு முறைப்பாடு. நல்ல ஆள்!

செப்டெம்பர் 21, ஞாயிறு

எனக்குக் காஸ் விலை. அவரிடம் விறகு கிடக்கிறது. ஆகவே இனி அவருடைய குசினியில் ஒரே உலை என்று முடிவு. விடிய நான் வைத்துவிட்டுக் கந்தோருக்குப் போவேன், இரவுக்கு அவர் புட்டு அவிப்பார். போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். இரவு வந்துதான் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வலித்தது, ஆனால் முந்தி மாதிரி இல்லை.

ஒக்ரோபர் 9, வியாழன்

மேன்முறையீட்டை நேரில் பார்க்க ஜனார்த்தனன் சேரே வந்தார். நான் அந்த ஒழுங்கைக்காரி என்பதால் என் கையில் படிவம் தரவில்லை. குசினி வாசலில் கதிரை போட்டு இருந்தோம். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ வந்து சேர்ந்த சாம்பல் பூனை ஒன்று சேரின் சப்பாத்தை மணந்து பார்த்தது.

மகன் அனுப்புவதில்லை என்று ஐயா தெளிவாகச் சொன்னார். குரல் கம்மவில்லை.

"ஒரே உலையில் சமைச்சு உண்ணுறது எத்தினை பேர் ஐயா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு என்றால் என் சம்பளம் அவருடைய குடித்தனத்தின் வரவாகிவிடும். அரசாங்கச் சம்பளம் வருகிற குடித்தனத்துக்குக் கொடுப்பனவு இல்லை. இந்தப் படிவம் எனக்குப் பாடம். பாடமாய் இருந்தும் இரண்டு கிழமைக்கு மேலாக எனக்கு இது நினைவுக்கு வரவில்லை!

"ஐயா, வீடு ரெண்டுதானே. ஒண்டெண்டு சொல்லுங்கோ" என்றேன். சேர் பேனையை நிறுத்திவிட்டு முற்றத்தைப் பார்த்தார். என்ன எழுதினாலும் எழுதக்கூடிய முகம்.

ஐயாவுக்கும் விளங்கிவிட்டது. "ரெண்டெண்டால் காசு நிண்டுபோகுமோ?"

"நிக்கும்" என்றார் சேர்.

ஐயா எழும்பி அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு வந்து இருந்தார். அந்தக் காசில்தான் மூன்று வருடம் உயிரோடு இருந்தவர்.

"போன முறை பொய் சொல்லி நிண்டது. இந்த முறை உள்ளதைச் சொல்லி நிக்கட்டும். ரெண்டு பேர். எழுதுங்கோ."

சேர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எழுதினார்.

சேர் போன பிறகு ஐயா என்னைப் பார்க்கவேயில்லை. "சோறு குழையப் போகுது, வடியும்" என்றார். வடித்தேன்.

றுமைஸிடம் இனி முக்கால் கிலோ சொல்ல வேண்டும். அரைக்கிலோ பூனைக்கும் சேர்த்துக் காணாது.