கிளட்ச் கம்பி

யோவ் விமல்ராஜ்,

புல் வெட்டுற மெஷின்ல சுத்தி வெட்டுற நைலான் கயித்துக்குப் பதிலா பைக் கிளட்ச் கம்பியை மாட்டி வெச்சிருக்கியே, த்தூ! நேத்து நீ அனந்தபுரம் போனப்பறம் வரப்புல வெட்டினேன். கம்பி அறுந்து பறந்து, பக்கத்துக் கொல்லை ராஜாங்கம் அண்ணனோட சினை மாட்டுத் தொடையில குத்திக்கிச்சி. அவரு என்னை ஒரு வார்த்தை திட்டல. துண்டால ரத்தத்தை அழுத்திப் பிடிச்சிக்கினு நின்னாரு.

"செஞ்சியில கயிறு ஸ்டாக் இல்ல"ன்னியே. காலையில செஞ்சி கடையில போயி கேட்டா, "உங்க வீட்டுக்காரர் இந்தப் பக்கமே வரலையேம்மா"ன்றாரு.

ரெண்டரை எம்எம் கயிறு வாங்கி மேஜை மேல வெச்சிருக்கேன். மூணு மீட்டர் வெட்டி, நடுவுல மடிச்சி, மடிச்ச இடத்தை மெஷின் தலைக்குள்ள இருக்கிற உருளையோட பள்ளத்துல மாட்டு. உருளை மேல அம்புக்குறி காட்டுற பக்கமா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம சுத்து. ரெண்டு முனையும் ஒரு சாண் வெளிய இருக்கட்டும்.

மாட்டுக்குப் புண்ணு வீங்கியிருக்குது. டாக்டரைக் கூட்டியாரப் போறேன். சோறு குண்டான்ல இருக்குது, காரக்குழம்பை சூடு பண்ணிக்க.

வளர்மதி

பி.கு: கயிறு மாட்டுறது அப்புறம் இருக்கட்டும். கம்பி மாட்டினது நான்தான்னு அண்ணங்கிட்ட சொல்லிட்டேன். உன் பேரைச் சொல்ல வாய் வரல. அந்தப் பொய் இன்னும் வாயில கசக்குது. நான் திரும்பி வர்றதுக்குள்ள நீயே போயி அவராண்ட உண்மையைச் சொல்லு.