அடிவரியில் என் பெயர்

திருத்தங்கல்
26-4-2006

அன்புத் தம்பி காளீஸ்வரனுக்கு அக்கா வேலுத்தாய் எழுதுவது. நானும் மகள் ரோஜாவும் நலம். உன் அத்தானும் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. சட்டசபைக்கு நிற்கிறார். சிரிக்காதே, நிஜம்தான். சுயேச்சையாக நிற்கிறார். நேற்று முன்தினம் வாபஸ் வாங்கக் கடைசி நாள். நாலு பேர் சொன்னால் கேட்டு வாங்கிவிடுவார் என்று நம்பி, அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனிதர் ஒரு சின்னத்தோடு வந்து நிற்கிறார்.

என்ன சின்னம் என்கிறாய்? மெழுகுவத்தி. பஸ் கேட்டாராம், அதை வேறொருவர் வாங்கிவிட்டாராம். நம் ஊரில் பட்டாசு ஆலை வாசலில் பீடி, தீப்பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டுதான் ஆளை உள்ளே விடுகிறார்கள். அந்த வாசலில் போய் எரிகிற மெழுகுவத்தியைக் காட்டி ஓட்டுக் கேட்கிறார். முதல் நாளே ஒருத்தி, "ஏன் முதலாளி, நெருப்பத் தவிர வேற ஒண்ணுமே கிடைக்கலியா உங்களுக்கு?" என்று கேட்டாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி அவரே சிரிக்கிறார். எனக்கு எரிச்சலாக வந்தது.

ஏன் நிற்கிறார் என்று நீ கேட்க மாட்டாய், உனக்குத் தெரியும். நம் பிரஸ் மெஷின்மேன் கருப்பணனின் மனைவி வெள்ளைத்தாய் தை மாதம் ஆலையில் வெந்துபோனபோது, ஆம்புலன்சுக்குக் காத்திராமல் நம் லோடு வேனில் வாழை இலை விரித்துப் படுக்க வைத்து மதுரைக்கு ஓட்டியது அவர்தான். நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். கள்ளிக்குடி தாண்டும்போது தண்ணீர் கேட்டாள். திருமங்கலம் வருவதற்குள் போய்விட்டாள். அன்று முதல் இவருக்கு ஒரே பேச்சு. "இங்கனயே தீக்காயத்துக்கு ஒரு நல்ல வார்டு இருந்திருந்தா அந்தப் புள்ள பிழைச்சிருக்கும்" என்பார். மாசியில் நீ லீவில் வந்திருந்தபோதுகூடப் பார்த்தாயே, மனுவும் கையுமாக ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கினார். பிரஸ்ஸை அந்த ஒரு மாதமும் நீதானே பார்த்துக்கொண்டாய். போன இடத்திலெல்லாம் தேர்தல் முடியட்டும், தேர்தல் முடியட்டும் என்றார்கள். அப்படியானால் அந்தத் தேர்தலில் நானே நிற்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

கூட வருவது கருப்பணன் ஒருவன்தான். காலையில் இரண்டு மணி நேரம் மெஷின் ஓட்டுகிறான், பிறகு இவர் பைக்கின் பின்னால் நோட்டீஸ் கட்டோடு ஏறிக்கொள்கிறான். பெண்டாட்டி போனதிலிருந்து வாயே திறக்காதவன், ஆலை வாசலில் நின்று, "நம்ம முதலாளிக்குப் போடுங்க, வெள்ளைத்தாய்க்காகப் போடுங்க" என்கிறானாம். அதைக் கேட்டபோது எனக்கே இவர் ஜெயித்துத் தொலைத்தால்தான் என்ன என்று தோன்றிவிட்டது.

இந்தத் தேர்தலுக்கு எந்தக் கட்சி வேலையும் நம் பிரஸ்ஸில் அடிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். ஊரே லோடு லோடாக அடித்துத் தள்ளுகிற சீசனில் நம் மெஷின் மட்டும் மெழுகுவத்தி அடிக்கிறது. நோட்டீஸின் அடிவரியைப் பார்த்தேன். வேலுத்தாய் ஆப்செட், திருத்தங்கல். தேர்தல் காகிதம் என்றால் அடித்த பிரஸ்ஸின் பெயர் அடியில் இருந்தே ஆகவேண்டுமாமே. கல்யாணமான மறு வருஷம் என் பெயரில் பிரஸ் வைத்தபோதுகூட இவ்வளவு பெருமையாக இல்லை. இதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் பிடிக்க முடியாது.

காரியாபட்டிப் பெண் வீட்டார் மறுபடி ஆள் அனுப்பினார்கள். மாப்பிள்ளை மத்திய அரசு போலீஸ் என்பதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வங்காளத்தில் உனக்கும் தேர்தல் டூட்டி என்று எழுதியிருந்தாய். வெயிலில் தலையில் ஈரத்துணி போட்டுக்கொள். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

இப்படிக்கு,
அக்கா வேலுத்தாய்


திருத்தங்கல்
3-5-2006

தம்பி காளீஸ்வரனுக்கு,

போன கடிதமே உனக்கு வந்து சேர்ந்ததோ என்னவோ. இது கிடைக்கும்போது ஓட்டுப் போட்டு முடித்திருப்பார்கள். தெரிந்தும் எழுதுகிறேன். வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

வெள்ளிக்கிழமை காலையில் கருப்பணன் ஒரு சுவரொட்டியைக் கிழித்து எடுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்கு வந்தான். பெரிய கட்சி வேட்பாளர் கைகூப்பிக்கொண்டு நிற்கிற கலர் போஸ்டர். பசை காயவில்லை. அதை மெஷின்மேல் விரித்து, அடியில் விரலை வைத்தான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான் அவன், ஆனால் பத்து வருஷமாகத் தினமும் பார்க்கிற பெயர் தெரியாமல் போகுமா? வேலுத்தாய் ஆப்செட், திருத்தங்கல்.

நான் பதறிப்போய், இது நம்முடையது இல்லை, நம் மெஷின் இதை அடிக்கவே இல்லை என்று உனக்கே தெரியுமே என்றேன். கருப்பணன் என்னைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்து, "முதலாளி, நீங்க யாருக்காக நிக்கீக?" என்று கேட்டான். இவருக்கும் ஒன்றும் புரியவில்லை. இரு, விசாரித்து வருகிறேன் என்று அந்தக் கட்சி ஆபீசுக்குப் போனார்.

அங்கே உன்னோடு படித்த கதிரவன் இருந்தானாம். ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினானாம். இந்தப் போஸ்டரை அடித்தது நாங்கள்தான் என்று அச்சகத்தார் எழுதிக் கொடுக்கிற உறுதிமொழிப் படிவம். நம் பிரஸ்ஸின் ரப்பர் ஸ்டாம்பு. மேலே உன் கையெழுத்து. "உங்க மச்சினன் மாசி மாசமே நாலு படிவத்துல போட்டுக் குடுத்துட்டானே, உங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்தானாம். எங்கேயோ லோடு லோடாக அடித்துக்கொண்டு, தேர்தல் செலவுக் கணக்கைக் குறைத்துக் காட்ட நம் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.

காளி, சிநேகிதன் கேட்டான், போட்டுக் கொடுத்திருப்பாய். அத்தான் தேர்தலில் நிற்பார் என்று அப்போது அவருக்கே தெரியாது, உனக்கு எப்படித் தெரியும்? அதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் எடுத்த ஸ்டாம்பைத் திருப்பி வைக்கும்போது ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். சமையலறையில்தானே இருந்தேன்.

கலெக்டரிடம் போய் இது பொய்யென்று எழுதிக் கொடுங்கள் என்று இவரிடம் சொன்னேன். என்னை உட்காரச் சொன்னார். படிவத்தை விசாரித்தால் கையெழுத்து யாருடையது என்று வரும். கட்சி வேட்பாளருக்குத் தேர்தல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் உடுப்புப் போட்ட அரசு ஆள் என்று வரும். "அவன் வேலை அன்னைக்கே போயிரும் வேலு. போஸ்டரு ஒரு மழைக்கு உரிஞ்சிரும், விட்டுரு" என்றார். கருப்பணனிடம் மட்டுமாவது சொல்லுங்கள் என்றேன். அவனுக்குச் சொன்னால் நல்லெண்ணத்தில் அவன் நாலு பேருக்குச் சொல்வான் என்கிறார். உன்னைத் திருச்சிக்கு ஆள் எடுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், மூன்று நாள் பிளாட்பாரத்தில் படுத்திருந்து சேர்த்துவிட்டவர் அல்லவா? அவர் வாயைத் திறக்க மாட்டார்.

இப்போது ஊரெல்லாம் இவரை டம்மி என்கிறார்கள். பெரிய கட்சி நிறுத்தி வைத்த ஆள், எதிர்க்கட்சிக்கு விழுகிற ஓட்டைப் பிரிக்க மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறார் என்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் என் காதுபடவே பேசினார்கள். வெள்ளைத்தாயின் அம்மா மூக்கம்மாள் வீட்டுக்கு நானே நோட்டீஸ் கொண்டு போனேன். வாங்கவில்லை. "செத்தவ பேரச் சொல்லியா ஏவாரம் பண்ணுதீக?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். அந்த வாசலிலேயே நின்று அழுதேன். என்ன சொல்லி அந்தக் கதவைத் தட்டுவேன்? தம்பி என்று சொல்லவா, புருஷன் என்று சொல்லவா?

கருப்பணன் அன்றிலிருந்து வேலைக்கு வரவில்லை. அவனுடைய தூக்குவாளி மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது. இவர் தனியாகப் பைக்கில் போகிறார், தனியாக வருகிறார். இவரே மெஷின் ஓட்டி இவரே நோட்டீஸ் கொடுக்கிறார். எந்தத் தெருவுக்குப் போனாலும் சுவரில் என் பெயர்.

எஸ்டிடி பூத்துக்குப் போய் உன் கேம்ப் நம்பருக்கு மூன்று தடவை போட்டேன். யாரோ இந்தியில் ஏதோ சொன்னார்கள். எனக்குப் புரிந்தது நஹீ மட்டும்தான். நீ எந்த ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் துப்பாக்கியோடு யார் ஓட்டுக்குக் காவல் நிற்கிறாயோ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


திருத்தங்கல்
15-5-2006

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. படித்துவிட்டு எழுதவில்லையா, கைக்கே கிடைக்கவில்லையா என்று தெரியாமல் எழுதுகிறேன்.

தேர்தல் முடிந்தது. அத்தானுக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. டெபாசிட் போனது. அதைப் பற்றி ஒன்றுமில்லை, ஜெயிப்பார் என்று நானும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. ஜெயித்தவர்கள் விட்ட பட்டாசுக் குப்பை நம் வாசல் வரை கிடந்தது. ரோஜா கூட்டி அள்ளினாள். இவர் பழையபடி பிரஸ்ஸில் உட்கார்ந்து பில் புத்தக ஆர்டருக்குத் தாள் வெட்டுகிறார். யார் வந்து கேலி பேசினாலும் சிரித்துக்கொள்கிறார். வார்டு பற்றிப் பேசுவதில்லை. மனுக் கட்டைப் பரணில் போட்டுவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஓட்டு எண்ணுகிற இடத்தில் காலையிலிருந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பூத்திலும் தனக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்திருக்கிறார். கருப்பணனும் மூக்கம்மாளும் இருக்கிற தெருவுக்கென்று ஒரு பூத். எழுநூற்றுச் சொச்சம் பேர் ஓட்டுப் போட்ட அந்தப் பூத்தில் மெழுகுவத்திக்கு ஒன்று விழுந்திருக்கிறது. ஒரே ஒன்று. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்த இடத்தைத்தான் எனக்குக் காட்டினார். "இந்தா பாத்தியா வேலு, கருப்பணன் போட்டிருக்கான். அம்புட்டுப் பேரு பேசினதுக்குப் பெறகும் அவன் என்னைய நம்பியிருக்கான். அது போதும்" என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு நன்றாகச் சாப்பிட்டார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். துணி துவைக்கும்போது எடுத்து வைத்து, உலர்ந்ததும் மறுபடி போடுகிறேன்.

நேற்று இவர் சாத்தூருக்குப் போயிருந்த நேரத்தில் கருப்பணன் வந்தான். தூக்குவாளியை எடுத்துப் போக வந்தானாம். வேறு பிரஸ்ஸில் சேர்ந்துவிட்டான். முதலாளி எங்கே என்று எப்போதும் இவரைக் கேட்பான், நேற்றுக் கேட்கவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மோர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தான். டம்ளரைப் பிடித்த கையைப் பார்த்தேன். இடது கை. ஆள்காட்டி விரலில் மை இல்லை.

நகத்தையும் பார்த்தேன். என் நகத்தில், பாத்திரம் விளக்கியும் துணி துவைத்தும், கோடு அப்படியே இருக்கிறது. அவன் விரலில் மெஷின் மைகூட இல்லை, வெறும் விரல். நான் பார்ப்பதைக் கண்டுகொண்டு, "போவலக்கா. யாருக்குப் போட? போட மனசில்ல" என்றான். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த ஒரு ஓட்டை யார் போட்டார்களோ தெரியாது. யாராவது கை தவறிக்கூட அழுத்தியிருக்கலாம். நான் இவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் எத்தனை நாள் இருப்பேன்? கருப்பணன் இருக்கிற பிரஸ் மூன்று தெரு தள்ளித்தான். ஒரு நாள் எதிரே பார்த்தால் இவர் போய் அவன் கையைப் பிடித்து நன்றி சொல்லுவார். சொல்லக்கூடியவர்தான். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன் தம்பி. எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது. அதைவிட அதிகமாக, நீ தனியாக அங்கே இதைப் படித்துக்கொண்டு இருப்பாயே என்ற கவலையும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும்?

கருப்பணன் விலாசத்தைத் தனித்தாளில் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். அவனுக்கு நீ எழுது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எழுதினால் அவன் அதை மூக்கம்மாளிடம் காட்டுவான், அவள் தெருவுக்கே சொல்வாள், கதிரவன் காதுக்குப் போகும், அதற்குப் பிறகு உன் வேலை என்னாகும், காரியாபட்டிக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று நான்தான் எண்ணி எண்ணிப் பார்க்கிறேன். எழுதாதே என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நீயே யோசி. ஒருவேளை எழுதினால், எழுத்தைப் பெரிதாக, விட்டு விட்டு எழுது. அவன் கூட்டித்தான் படிப்பான்.

உன் அத்தானுக்கு இந்தக் கடிதம் தெரியாது. அவர் உன்னைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. நேற்றுக்கூட, மழை தொடங்கிவிடும், அங்கே அவனுக்கு ரெயின்கோட் கொடுத்திருப்பார்களா என்று கேட்டார்.

மாரியம்மன் உனக்குத் துணை இருப்பாள். ஒன்று மட்டும் மனசில் வைத்துக்கொள் காளி. அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தாலும், போடாமல் வந்தாலும், நீ என் தம்பிதான். எப்போது வந்தாலும் இந்த வீட்டில் உனக்குச் சோறு இருக்கும்.

உன் அக்கா
வேலுத்தாய்