பென்சில் கரிப் பட்டை

பெரம்பலூர், 3.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் சண்டையாகிறது. எழுதுகிறேன்.

பேச்சு நின்றுபோன அம்மாவுக்கு ஒரு தொடுபட்டை செய்து பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். விரல் படும் இடத்துக்கேற்ற விளக்கு எரியும். ஒரு முனை, தண்ணீர். நடு, புரட்டிப் படுக்க வை. மறுமுனை, அறிவைக் கூப்பிடு.

இதற்கென்று விற்கும், மின்சாரம் கடத்தும் கறுப்புத் தாள் கட்டுப்படியாகவில்லை. கேசட் நாடா சரிவரவில்லை. கடைசியில் காகிதத்தில் பென்சிலை அழுத்தித் தேய்த்து, மேலே அலுமினியத் தாள் வைத்தேன். கரி வழியாகத்தான் மின்சாரம் ஓடும்; கரி போனால் மறுபடி தேய்த்துவிடு. பென்சிலும் உள்ளே இருக்கிறது.

அப்பா சாவுக்கு வராதவன் வாசல் மிதிக்கக் கூடாது என்றாய். அம்மா கூப்பிட்டால்?

அறிவரசன்

அரியலூர், 9.6.2024

அறிவுக்கு,

பட்டையைக் கட்டிலில் ஒட்டியாகிவிட்டது. பக்கத்து வீட்டு அம்பிகா, "ஏன்டி, பெத்தவளுக்கு காலிங் பெல்லு வச்சிட்டியா?" என்று சிரிக்கிறாள்.

தண்ணீர் விளக்குதான் எரிகிறது. அம்மா கூப்பிட்டால் வா. அதுவரை வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

கண்ணகி

பெரம்பலூர், 21.6.2024

அக்கா,

ஒருமுறைகூடவா இல்லை?

அறிவு

அரியலூர், 27.6.2024

ஒருமுறைகூட இல்லை.

கண்ணகி

அரியலூர், 22.7.2024

அறிவுக்கு,

அம்மா போய் பதினாறு நாள் ஆகிறது. உனக்குச் சொல்ல யாரையும் விடவில்லை. சித்தப்பா மகன் வேல்முருகன் கொள்ளி வைத்தான்.

பாய், தலையணை எல்லாவற்றையும் ஏரிக்கரையில் போட்டோம். பட்டையையும் போட எடுத்தேன். காலிக் கட்டிலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்பிகா, "தொடாதடி, அப்புடியே வுட்டுடு" என்று ஓடிவிட்டாள்.

திருப்பி அனுப்புகிறேன். பிரிக்காதே. எரித்துவிடு.

கண்ணகி

பெரம்பலூர், 25.7.2024

அக்கா,

பிரித்தேன்.

தண்ணீர் முனையில் நான் தேய்த்த கோடுகள் அப்படியே இருக்கின்றன. நடுவிலும்.

மூன்றாவது இடத்தில், என்னைக் கூப்பிடும் முனையில் மட்டும் வேறு கோடுகள். இடக்கைச் சாய்வு, உன்னுடையது. அடுக்கடுக்காக. அம்மா விரல் பட்டுக் கரி தேயத் தேய நீ பூசியிருக்கிறாய். கூப்பிடவும் விட்டாய், எனக்கு எழுதவும் இல்லை. எப்படி முடிந்தது?

உன் கரியையும் மீறிக் காகிதம் ஓட்டையாகியிருக்கிறது. கரி இல்லாத இடத்தில் விளக்கு எரிய வழியே இல்லை.

மேசைமேல் இருக்கிறது. மூன்றாவது விளக்கு எரிகிறது. சற்று அணைகிறது. மறுபடி எரிகிறது, விரல் ஓய்ந்து ஓய்ந்து அழுத்துவதுபோல.

அம்மா கூப்பிட்டால் வா என்று எழுதியவள் நீ. காலை முதல் பஸ்ஸில் புறப்படுகிறேன்.

அறிவரசன்