மூன்றாம் தவணைக்கு யார்?

நெடுந்தீவு
வைகாசி, 2004

அன்புள்ள உங்களுக்கு,

கனடாவிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. எனக்குக் கனடா விசாவுக்கு ஆடியில் கொழும்பில் நேர்முகம் என்று எழுதியிருந்தீர்கள். பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். களைப்பாக இருக்கிறது. முதலில் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரு கணினி வந்திருக்கிறது. அதை வைத்து வகுப்பில் என்ன செய்யப்போகிறேன் என்று ஒவ்வொரு தவணைக்கும் இலக்கு எழுதித் தரச் சொன்னார்கள். இங்கே மின்சாரம் பொழுதுபட்ட பிறகுதான் வரும். பகலில் பிள்ளைகள் மட்டையில் விசைப்பலகையைக் கீறி அதில் விரல் பழகுகிறார்கள்.

"ரீச்சர், என்ரை கொம்பியூட்டருக்குக் கரண்டே தேவையில்லை" என்கிறாள் அன்ரனிட்டா.

இரண்டாம் தவணையில் எல்லோரும் மட்டையிலேயே தங்கள் பெயரை அடிக்கப் பழகுவார்கள் என்று எழுதினேன். மூன்றாம் தவணையில், புரட்டாதியிலிருந்து மார்கழி வரை, மாலை வகுப்பு நடக்கும், கணினியில் ஆளுக்கொரு பக்கம் அடிப்பார்கள் என்றும் எழுதினேன்.

பள்ளிக்கூட அதிபர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூண்டாம் தவணைக்கு ஆர் ரீச்சர் நிக்கிறது? நீர் கனடாவுக்கெல்லோ போறீர்?"

இங்கே வேறு ஒருவருக்கும் கணினியை இயக்கத் தெரியாது.

"நான் நிக்கிறன் சேர்" என்றேன்.

உங்களிடம் முதலில் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

நேர்முகத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ள முடியுமா என்று விசாரியுங்கள். முடியாது என்றாலும் நான் மார்கழி வரை இங்கேதான். கோபமென்றால் கோபமாகவே எழுதுங்கள். உங்களைக் காணாமல் நானும் களைத்துத்தான் போனேன்.

இன்னமும் உங்களுடைய,
மனைவி