பழுப்புக் கான்வாஸ் ஷூ

1953 ஜூன் 8, திங்கள்
ட்ராம் நின்றதிலிருந்து பஸ்ஸில் தொற்றக்கூட இடமில்லை. தண்டையார்பேட்டையிலிருந்து ராயபுரம் பள்ளிக்கு இன்றும் நானும் மங்கை டீச்சரும் நடந்தே போனோம். வழியில் என் செருப்பு வார் அறுந்தது. குதிகால் வெடிப்பெல்லாம் ரயில் யார்டுக் கரித்தூள்.

தலைமையாசிரியை மதியம் கூப்பிட்டார்கள். ஏற்காட்டில் பெண் சாரணர் கைடு பயிற்சி முகாமாம், பத்து நாள், பள்ளிக்கு ஒரு டீச்சர். “தேவப்பிரியம், நீ போயேன்.” முப்பத்தொரு வயதில் நான் ஏறிய மலை பரங்கிமலை ஒன்றுதான். தூக்கமே வராது போலிருக்கிறது.

ஜூன் 10
தெருவுக்கும் மலைக்கும் ஒரே ஜோடிதான் வாங்க முடியும். தோல் பூட்ஸ்? கனம். செருப்பு? சரளைக்கல் உள்ளே புகும். வேறென்ன?

ஜூன் 13, சனி
மங்கையோடு வண்ணாரப்பேட்டையில் சௌக்கத் அலி பாய் கடைக்குப் போனேன். “இன்னாம்மா, தம்பிக்கா?” எனக்கு என்றேன். கொஞ்சம் விழித்தார், ஆனால் சிரிக்கவில்லை. பையன்கள் அளவில் பழுப்புக் கான்வாஸ் ஷூ எடுத்தார், ரப்பர் அடி. “மலை எறங்கசொல்லோ வெரலு முன்னால போய் முட்டும். ஒரு வெரல் எடம் வுட்டு வாங்கு. டவுனுக்கும் அதான், மலைக்கும் அதான்.”

பள்ளிக்குப் போட்டுப் பழகாவிட்டால் மலையில் கொப்புளம்தான். ஆனால் சேலையோடு ஷூவா? மங்கைதான் தைரியம் சொன்னாள். “எந்தம்பி ஷூ வூட்ல கீது. திங்கக்கெயமை நானும் மாட்டிகினு வரேன். ரெண்டு பேரா போனா எவ இன்னா சொல்லுவா?”

ஜூன் 15, திங்கள்
செருப்போடு வந்தாள். செருப்போடு! கேட்டால், “மறந்தே பூட்டேன்டி.”

டீச்சர்கள் அறையில் எல்லோரும் என் காலையே பார்த்தார்கள். “போலீசு வருதுடி” என்றாள் ஒருத்தி. மங்கையும் சிரித்தாள். பார்த்தேன்.

தலைமையாசிரியை சொன்னது: ஆம்பிளை ஷூ போட்டவளை முகாமுக்கு அனுப்பினால் பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்ன பேசுவார்கள்? மங்கை போகிறாளாம்.

ஜூன் 16
பள்ளி ஆயா குப்பம்மா சொன்னாள். “சனிக்கெயமை சாய்ங்காலமே மங்கைம்மா வந்து பெரியம்மாகிட்ட வத்தி வெச்சிட்டுப் போச்சு, நீ ஆம்பிளை ஷூ வாங்கிகினேன்னு.”

சனிக்கிழமை சாயங்காலமா? அப்படியென்றால் கடையிலிருந்து நேராகத் தலைமையாசிரியையிடம் போயிருக்கிறாள். கடையில குனிஞ்சு எனக்கு ஷூக் கயிறு கட்டி விட்டாளே — எப்படிடி மனசு வந்துச்சு உனக்கு? பதினோரு வருஷம் ஒண்ணா போய் வந்திருக்கோம். போகணும்னா என்கிட்டயே கேட்டிருக்கலாம். விட்டுக்கொடுத்திருப்பேனா? தெரியவில்லை. ஆனாலும் கேட்டிருக்கலாம்.

ஜூன் 17
பழைய செருப்பு. தனியாக நடந்தேன்.

ஜூன் 20, சனி
முகாமுக்குக் கொண்டுவர வேண்டிய சாமான் பட்டியல் வந்ததாம். முதல் வரியே கான்வாஸ் ஷூ. மங்கை வீட்டுக்கே வந்துவிட்டாள். “தம்பிது எனக்குப் பெருசுடி. உன்னுதக் குடு, உனக்கு இப்ப எதுக்கு?”

குப்பம்மா எல்லாம் சொல்லிவிட்டாள் என்றேன். மறுக்கவில்லை. “எனக்கும் ஒரு தபா இந்த ஊரை வுட்டுப் போவணும்னு இருக்காதா?” என்றாள். அதுவும் நியாயம்தான். அதனாலேயே இன்னும் எரிந்தது. தரமாட்டேன் என்றேன்.

ஜூன் 22, திங்கள்
ஷூ போட்டுக்கொண்டே பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை வராந்தாவில் நின்று காலைப் பார்த்தார்கள். “பட்டியல்ல இருக்கறதுதானே டீச்சர்” என்றேன். திரும்பி உள்ளே போனார்கள்.

சாயங்காலம் திரும்பும்போது மங்கை தெருவின் எதிர்ச்சாரியில் கூடவே நடந்து வந்தாள். அவள் காலிலும் பழுப்புக் கான்வாஸ், புத்தம் புதிது. ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்தாள். நான் கூப்பிடவில்லை. இரண்டு மைல் அப்படியே வந்தோம். கால் கொஞ்சம்கூட வலிக்கவில்லை, இதோடு மலையே ஏறலாம். அதற்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.